வீட்டுத் தோட்டத்திற்குப் பறவைகள் வர என்ன உணவு வைக்கலாம்?

பறவைத் தீனி என்பது, பறவை வெளியில் தானாகத் தேடித் தின்பதற்கு நெருக்கமாக நாம் வைக்கும் உணவு. எதற்கு எது பிடிக்கும் என்பதை அலகே சொல்லிவிடும். குட்டையான தடித்த அலகு குறடு போன்றது, விதையை உடைக்கும். மெல்லிய கூரிய அலகு இடுக்கி போன்றது. புழு பூச்சிகளைக் கவ்வும். குறடு இருக்கும் கையால் முள்ளை எடுக்க முடியுமா? அதுபோல, தானியத்தை மட்டும் தூவிவிட்டுப் பூச்சி தின்னும் பறவைக்குக் காத்திருப்பது வீண். அதற்கு உலர்ந்த புழுக்களை வையுங்கள். பழம் தின்பவற்றுக்குப் பழத்தை இரண்டாக வெட்டி வைத்தால் போதும்.

ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், மெல்லிய தோலுள்ள கறுப்புச் சூரியகாந்தி விதையை வாங்குங்கள். பறவையின் சிறிய உடல் சூட்டை விரைவில் இழக்கும். இந்த விதையில் உள்ள கொழுப்பு அந்த இழப்பை ஈடுசெய்யும். சிட்டு தின்பதை அருகிலிருந்து பாருங்கள்: விதையை நாக்கால் அலகின் ஓரத்திற்குத் தள்ளி நெரிக்கும், தோல் உதிர, பருப்பு மட்டும் உள்ளே போகும். அத்தனை நேர்த்தி!

உப்புச் சேர்த்ததும் பூசணம் பிடித்ததும் கூடவே கூடாது.

ரொட்டித் துண்டு பறவைகளுக்கு நல்லது என்று பலர் நம்புகிறார்கள். அது வயிற்றை நிரப்புமே தவிர, அவற்றுக்கு வேண்டிய புரதமும் கொழுப்பும் அதில் மிகக் குறைவு.