மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க மருந்து பாதுகாப்பானதா? அந்தக் காலத்துக்கும் இப்போதைக்கும் என்ன வித்தியாசம்?

மயக்க மருந்து கொடுப்பதுதான் என் வேலை. "டோஸ் கூடிப்போனால் எழுந்திருக்கவே மாட்டேனா டாக்டர்?" என்று கேட்காத நோயாளி குறைவு. நியாயமான பயம்தான். ஆனால் டோஸ் குறைந்தும் ஆட்கள் இறந்திருக்கிறார்கள்.

1846-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஈதர் என்ற திரவத்தின் ஆவியைக் கொடுக்க, ஒருவரின் கழுத்துக் கட்டிக்கு வலியில்லாமல் அறுவை சிகிச்சை நடந்தது. ஈதரில் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் சமாளித்துவிடலாம். ஆனால் நெடி, வாந்தி, போதாததற்குத் தீப்பிடிக்கும். அதனால் மறு வருஷமே ஸ்காட்லாந்து மருத்துவர் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்ததும் பலரும் அதற்குத் தாவினார்கள். 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் ஹானா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால்விரல் நகத்தை எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தார்கள். சில நிமிடங்களில் உயிர் போய்விட்டது. சில மாதங்களுக்கு முன்னால் இதே மாதிரிச் சிகிச்சையை ஈதரில் தாங்கியவள் அவள்.

குளோரோஃபார்ம் ஏன் இப்படித் திடீரென்று கொல்கிறது என்பதில் அறுபது வருஷச் சண்டை. நிஜாம் செலவில் 1888, 1889-ல் ஹைதராபாத்தில் கூடிய இரண்டு குழுக்கள், விலங்குகளில் சோதித்துவிட்டு, மூச்சைக் கவனித்தால் போதும், இதயத்துக்கு ஆபத்தில்லை என்றன. 1911-ல் லெவி என்ற மருத்துவர் அதைத் தலைகீழாக்கினார். லேசான குளோரோஃபார்ம் மயக்கத்தில் இருக்கும் பூனைக்கு அட்ரினலின் ஏற்றினால், இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடுகிறது! அட்ரினலின் என்பது உடம்பே சுரக்கும் ஹார்மோன்; நோயாளி பயத்தில் இருந்தால் தானாகவே ஊறும். பயந்துபோனவருக்கு, பாவம் என்று கொஞ்சமாகக் கொடுத்த மருத்துவரே ஆபத்தை விலைக்கு வாங்கியிருக்கிறார்.

1956-ல் தீப்பிடிக்காத ஹாலோத்தேன் வந்தது. அபூர்வமாகக் கல்லீரலைக் கெடுத்ததால் அதுவும் பல நாடுகளில் ஒதுங்கிவிட்டது. இப்போது பெரும்பாலும் செவோஃப்ளூரேன்.

ஆனால் என்னைக் கேட்டால், பெரிய மாற்றம் மருந்தில் இல்லை, அளவில். அன்று துணியில் சொட்டுச் சொட்டாக, கைப்பழக்கம்தான். இன்று வேப்பரைசரின் (மருந்தை ஆவியாக்கி அளந்து கலக்கும் கருவி) குமிழைத் திருப்பிச் சதவீதம் வைக்கிறேன். நோயாளி வெளியே விடும் மூச்சில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று மானிட்டர் ஒவ்வொரு மூச்சுக்கும் சொல்கிறது. நடுத்தர வயதில், நுரையீரலில் செவோஃப்ளூரேன் சுமார் 2 சதவீதம் இருந்தால், கத்தி பட்டாலும் பாதிப்பேர் அசையமாட்டார்கள். வயதானவர்களுக்கு அதைவிடக் குறைவாகவே போதும்.

ஒன்றை மட்டும் வீட்டில் விசாரித்து வையுங்கள்: ரத்த உறவில் யாருக்காவது ஆபரேஷன் மயக்கத்தில் உடம்பு விறைத்து, காய்ச்சல் எகிறியதுண்டா? மூச்சு வழி மயக்க மருந்துகள் கிளப்பிவிடும், பரம்பரையாக வரும் கோளாறு அது. வந்துவிட்டால் அதை முறிக்க டான்ட்ரோலீன் என்ற மருந்து இருக்கிறது. ஆனாலும் முன்பே சொல்லிவிட்டால், இந்த மருந்துகள் பக்கமே போகாமல் ஊசி வழியாகவே மயக்கிவிடுவோம்.