சாணி வண்டின் மேல் ஊரும் பொடி உண்ணிகளைத் தட்டிவிட வேண்டுமா?

கேள்வி: சாணி வண்டைப் புரட்டிப் பார்த்தால் அடிவயிற்றிலும் கால் இடுக்கிலும் பழுப்பு நிறத்தில் பொடிப்பொடியாக உண்ணிகள் ஓடுகின்றன. அவை வண்டின் ரத்தத்தைக் குடிக்கின்றனவா? குச்சியால் தட்டிவிட்டால் வண்டுக்கு நல்லதா?

தட்டிவிடாதீர்கள். நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் வண்டைக் கடிப்பவை அல்ல, வண்டின் மேல் ஏறிப் பயணம் போகிறவை. போய்ச் சேர்ந்த இடத்தில் அவை செய்யும் வேலையால் வண்டுக்கும் ஆதாயம் உண்டு.

இவை மைட் எனப்படும் சிற்றுண்ணிகள். மாட்டு உண்ணிக்குத் தூரத்துச் சொந்தம். எட்டுக் கால், சுமார் ஒரு மில்லிமீட்டர் உடம்பு. சாணி வண்டுகளின் மேல் அதிகம் தென்படுவது மேக்ரோகீலிஸ் என்ற பேரினம். இவற்றுக்கு இறக்கை கிடையாது, கண்ணும் கிடையாது. ஆனால் இவை பிழைப்பு நடத்த வேண்டிய இடமோ புதுச் சாணம். சாணம் சில நாட்களில் மேலே ஓடு கட்டிக் காய்ந்துவிடும், உள்ளே இரையும் தீர்ந்துவிடும். அடுத்த சாணம் எங்கே விழுந்திருக்கிறது என்று தேடி இத்தனை சின்ன உயிர் நடந்து போய்ச் சேர முடியாது. வண்டு மோப்பம் பிடித்து நேராக அங்கேதான் பறக்கும். அதன் மேல் தொற்றிக்கொண்டால் போதும், அது ஓடுகிற ஊருக்கெல்லாம் ஓசியில் போகும் பேருந்துதான்.

கைலென்ஸ் இருந்தால் ஒரு முறை நிதானமாகப் பாருங்கள். இந்த உண்ணிகள் எட்டுக் காலிலும் நடப்பதில்லை. முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பிடித்துக் காற்றில் துழாவிக்கொண்டே பின்னால் உள்ள ஆறு கால்களில் ஓடும். அந்த முன்னங்கால் நுனியில்தான் வாசனையை அறியும் உறுப்பு இருக்கிறது. வண்டு ஈரச் சாணத்துக்குள் தலையை நுழைக்கும்போது கவனித்தால், இடுக்கில் பதுங்கியிருந்தவை ஒவ்வொன்றாக இறங்கிச் சாணத்துக்குள் மறைவது தெரியும். கண் இல்லாத ஒரு உயிர் இறங்க வேண்டிய இடத்தை இவ்வளவு சரியாகக் கண்டுபிடிப்பதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இன்னொன்று, மேக்ரோகீலிஸில் இப்படிப் பயணம் போவது பெண் உண்ணிகள்தான். இவற்றில் பல இனங்களில் கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும், கருவுற்றதிலிருந்து பெண். ஆகவே துணை இல்லாமல் ஒரே ஒரு பெண் வந்து இறங்கினாலும் அங்கே ஒரு குடும்பம் தொடங்கிவிடும். வளர்ச்சியும் வேகம். வெயில் காலத்தில் சில இனங்கள் இரண்டு மூன்று நாளிலேயே முட்டையிலிருந்து முழு உண்ணி ஆகிவிடும். சாணம் காய்வதற்குள் அடுத்த தலைமுறை பயணத்துக்குத் தயார்.

சரி, சாணத்தில் இறங்கி என்ன தின்கின்றன? ஈ முட்டை, அப்போதுதான் பொரித்த ஈப் புழு, நூற்புழு. இங்கேதான் வண்டுக்கு லாபம். சாணம் விழுந்த சற்று நேரத்தில் ஈக்கள் வந்து கும்பல் கும்பலாக முட்டையிடும். பொரித்த புழுக்கள் சாணத்தைக் கூழாக்கித் தின்று தீர்த்தால் வண்டுக்கும் அதன் குஞ்சுகளுக்கும் மிஞ்சுவது குறைவு. அந்த முட்டைகளைத்தான் உண்ணிகள் காலி செய்கின்றன. மேக்ரோகீலிஸிலேயே வீட்டு ஈயின் மேல் பயணம் செய்யும் ஒரு இனம் இருக்கிறது. அதன் பெண் உண்ணி நாளொன்றுக்கு 20 ஈ முட்டை வரை தின்னும் என்பார்கள். புழு கொஞ்சம் பெருத்துவிட்டால் உண்ணியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அதனால் ஈக்குப் பின்னாலேயே வந்து சேர்வது முக்கியம், அதற்கு வேகமாகப் பறக்கும் வண்டு வேண்டும்.

இதை வைத்து ஒரு நாடே திட்டம் போட்டிருக்கிறது. ஆஸ்திரேலியாவுக்கு மாடுகள் போனது 1788-இல். அங்கிருந்த வண்டுகள் கங்காரு போன்றவற்றின் உலர்ந்த சிறு புழுக்கைக்குப் பழகியவை. மாட்டுச் சாணத்தைப் பெரும்பாலும் அவை சீண்டவில்லை. சாணம் மேய்ச்சல் நிலத்தில் அப்படியே கிடக்க, ஈக்கள் பெருகின. சிஎஸ்ஐஆர்ஓ என்ற அந்நாட்டு அறிவியல் நிறுவனத்தில் ஜார்ஜ் போர்னமிசா என்பவரின் முயற்சியால் 1960-களின் கடைசியிலிருந்து வெளிநாட்டுச் சாணி வண்டுகளை இறக்கினார்கள். நோயோ வேறு உயிரோ கூடவே வந்துவிடக் கூடாது என்று வண்டு முட்டைகளைக் கிருமிநாசினியில் கழுவித்தான் எடுத்துக்கொண்டார்கள். அதனால் வண்டு வந்தது, அதன் மேல் வாழ்ந்த உண்ணி வரவில்லை. பிறகு மாட்டின் ரத்தத்தைக் குடிக்கும் எருமை ஈயை அடக்க மேக்ரோகீலிஸ் பெரெக்ரினஸ் என்ற உண்ணியைத் தெற்கு ஆப்பிரிக்காவிலிருந்து தனியாக வரவழைத்து விட்டார்கள். அதுவும் அங்கே உள்ள வண்டுகளின் மேல் ஏறிப் பரவிவிட்டது.

எல்லா உண்ணியும் நண்பன் என்று சொல்ல மாட்டேன். வட்டமாக, ஆமை ஓடு போல் வழவழப்பாக, ஓடாமல் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால் அது யூரோபோடா வகை. பிசின் போன்ற ஒரு காம்பால் தன்னை வண்டின் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளை மாவு தூவியது போல் இருந்தால் வேறு வகையின் பயணப் பருவம். அந்தப் பருவத்தில் அதற்குத் தின்னும் வாயே இல்லை, ஆகவே கடிக்கவும் வழியில்லை. ஆனாலும் அளவு மீறி ஏறினால் வண்டுக்குப் பாரம்தான், பறப்பது சிரமம்.

செத்த எலி, பறவைகளைப் புதைக்கும் வண்டுகளிடமும் இதே போன்ற கூட்டு உண்டு. அங்கே ஈப் போட்டி இருக்கும்போது உண்ணி உதவுகிறது. ஈ இல்லாதபோது அதே உண்ணி வண்டின் குஞ்சுகளுக்குப் பங்காளியாகிறது, சில நேரம் வண்டு முட்டையையும் தின்றுவிடுகிறது. உறவு நல்லதா கெட்டதா என்பது அன்றைய நிலைமையைப் பொறுத்தது.

வெளியில் பார்க்கும் வண்டை அப்படியே விட்டுவிடுங்கள். பெட்டியில் வளர்ப்பவராக இருந்தால் கதை கொஞ்சம் வேறு. அங்கே உண்ணிக்கு இறங்கிப் போக வேறு இடமில்லை, வண்டின் மேலேயே குவியும். பழைய சாணத்தை அடிக்கடி மாற்றுங்கள். அப்புறமும் வண்டு சோர்ந்து, கால் மூட்டெல்லாம் உண்ணி மூடியிருந்தால், மென்மையான தூரிகையால் மட்டும் வருடி எடுங்கள். மருந்து எதையும் தெளிக்க வேண்டாம். உண்ணியைக் கொல்லும் மருந்துகளில் பல வண்டையும் சேர்த்துக் கொல்லும்.