பிரியாணிக்குப் பிறகு நான்கு மணி நேரம்: கொழுப்பும் ரத்தக்குழாயும் பற்றிக் கேள்வி பதில்

மருத்துவக் கல்லூரியில் உடலியங்கியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் டாக்டர் வேலை. மற்றதைக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சில.

திண்டுக்கல் தம்பி: சார், ஒரு வேளை பிரியாணியிலேயே ரத்தக்குழாய் அடைத்துவிடும் என்று வாட்ஸப்பில் வருகிறதே?

அடைக்காது. அடைப்பு பல வருடக் கணக்கு. ஒரு வேளையில் மாறுவது குழாயின் நெகிழ்வு. குழாயின் உட்புறம் ஒரே ஒரு செல் கனத்தில் ஒரு படலம் இருக்கிறது, பெயர் எண்டோதீலியம். ரத்தம் வேகமாகப் பாய்ந்தால் அது நைட்ரிக் ஆக்ஸைடைச் சுரக்கும், சுற்றியுள்ள தசை தளரும், குழாய் விரியும். (இதைக் கண்டறிந்த மூவருக்கு 1998இல் நோபல் கிடைத்தது.) கொழுப்பாகச் சாப்பிட்டதும் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுகிறது, அப்போது உருவாகும், எதனுடனும் சட்டென்று வினைபுரியும் ஆக்ஸிஜன் வகைகள் அந்த நைட்ரிக் ஆக்ஸைடைத் தின்றுவிடுகின்றன.

சேலம் வாசகி: இதை எப்படி அளக்கிறார்கள்?

முழங்கைக்கு மேலே ஓடும் தமனியின் விட்டத்தை அல்ட்ராசவுண்டில் குறித்துக்கொள்வார்கள். ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இருக்கும். பிபி பார்க்கும் பட்டையைக் கட்டிக் காற்றடித்து 5 நிமிடம் ரத்தத்தை நிறுத்துவார்கள். நானே ஒருமுறை கை நீட்டியிருக்கிறேன்; மூன்றாவது நிமிடத்தில் விரல் மரத்து, கை யாருடையதோ போல ஆகிவிட்டது. காற்றை இறக்கியதும் ரத்தம் குபுகுபுவென்று பாயும், குழாய் விரியும். எத்தனை சதவீதம் விரிகிறது என்பதுதான் கணக்கு.

1997இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் ஆரோக்கியமான 10 பேருக்கு முட்டை, சாசேஜ், வறுத்த உருளைக்கிழங்கு என்று 900 கலோரி, 50 கிராம் கொழுப்பு கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பிடும் முன் 21 சதவீதம் விரிந்த குழாய் 2 மணி நேரத்தில் 11, 4 மணி நேரம் கழித்தும் 10. கொழுப்பே இல்லாத 900 கலோரி சாப்பிட்டபோது இந்தச் சரிவு இல்லை. பத்தே பேர்தான், பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் இவ்வளவு பெரிய சரிவைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே வாசகி: கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றால் என்ன கவலை?

உங்கள் நாளை எண்ணிப் பாருங்கள் அம்மா. காலை 8 மணிக்கு நெய்ப்பொங்கல், வடை. 11 மணிக்கு டீயோடு பஜ்ஜி. மதியம் பொரியலும் அப்பளமும். இரவு 9 மணிக்குப் பரோட்டா, சால்னா. முதல் வேளைக் கொழுப்பு ரத்தத்திலிருந்து வடிவதற்குள் அடுத்தது வந்து சேருகிறது. குழாய்க்கு ஓய்வு விடியற்காலையில் மட்டும்தான். என் கவலை கல்யாண விருந்தைப் பற்றி அல்ல, இதைப் பற்றி.

கும்பகோணம் டீக்கடைக்காரர்: பஜ்ஜிச் சட்டி எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவது உண்மையிலேயே கெடுதலா?

கெடுதல்தான் அண்ணே. நியூசிலாந்தில் 1999இல் வெளியான ஓர் ஆய்வில், உணவகத்தில் பொரித்து எடுத்த பழைய எண்ணெயில் செய்த சாப்பாட்டுக்குப் பிறகு குழாய் விரிவு 5.9 சதவீதத்திலிருந்து 0.8க்கு விழுந்தது. பொரிக்காத புது எண்ணெயில் அப்படி விழவில்லை. நம் நாட்டிலும் 2018 ஜூலை முதல், எண்ணெயில் போலார் சேர்மங்கள் (காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று விதி இருக்கிறது. எண்ணெய் கறுத்து, நுரைத்து, பிசுபிசுத்தால் அதை அளக்கும் மீட்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பெயர் வேண்டாம்: வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிட்டால்?

அதே மேரிலாந்துக் குழு சி, இ இரண்டையும் அதிக அளவில் கொடுத்தபோது அன்றைய சரிவு நின்றது நிஜம். ஆனால் வருடக்கணக்கில் வைட்டமின் இ கொடுத்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

மதுரை மாமா: சாப்பிட்டுவிட்டு நடந்தால் கழிந்துவிடுமா?

கழியாது, குறையும். சாப்பிட்ட பின் நடப்பதும் நல்லது. முந்தைய நாள் மாலை நடந்திருந்தாலே மறுநாள் ட்ரைகிளிசரைடு அவ்வளவு ஏறாது. ஆனால் நடக்கும்போது நெஞ்சு இறுக்கம் வருகிறவர்கள் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு வேகநடை போக வேண்டாம். முதலில் டாக்டரைப் பாருங்கள் மாமா.