சிற்றூரிலேயே இருந்துகொண்டு ஓவியராகவும் ஊர்ப்பணி செய்பவராகவும் நீண்ட காலம் வாழ்ந்துவிட முடியுமா?

உங்கள் கேள்வியில் இரண்டு கவலைகள் இருக்கின்றன. பெருநகரத்துக்குப் போகாவிட்டால் ஓவியர் என்று யாரும் மதிக்க மாட்டார்களோ என்பது ஒன்று. ஊர் வேலைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தால் வரைய நேரமே இல்லாமல் போய்விடுமோ என்பது இன்னொன்று. எனக்கு வரைய வராது. ஓவியர்களின் வாழ்க்கையைத் தேடித் தேடிப் படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. அந்தப் படிப்பை வைத்துச் சொல்கிறேன்: முடியும். அப்படி வாழ்ந்து நூறு வயதைத் தொட்டவர்களே இருக்கிறார்கள்.

முதலில் அன்னா மேரி ராபர்ட்சன் மோசஸ். கிராண்ட்மா மோசஸ் என்றால்தான் பலருக்குத் தெரியும். 1860-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு பண்ணைக் குடும்பத்தில் பிறந்து, 1961-இல் 101 வயதில் இறந்தார். இவரைப் பற்றி எங்கே எழுதினாலும் ‘எழுபது வயதைத் தாண்டித் தூரிகை பிடித்தவர்’ என்று ஒரு வரி வந்துவிடும். எனக்கு அந்த வரி பிடிப்பதே இல்லை. அதற்கு முந்தைய காலம் முழுவதையும் ஒரே வீச்சில் துடைத்துப் போட்டுவிடுகிறது.

பன்னிரண்டு வயதில் பிறர் வீட்டு வேலைக்குப் போனவர் அவர். சுமார் பதினைந்து வருடம் சமையலும் வீட்டு வேலையுமாகக் கழிந்தது. 1887-இல் தாமஸ் மோசஸைக் கல்யாணம் செய்துகொண்டு வர்ஜீனியாவில் குடித்தனம். பத்துப் பிள்ளைகள் பிறந்து ஐந்துதான் தங்கின. வெண்ணெய் கடைந்து விற்றார், உருளைக்கிழங்கு வறுவல் போட்டு விற்றார். 1905-இல் ஈகிள் பிரிட்ஜ் என்ற சிற்றூருக்குக் குடும்பம் திரும்பியது. 1918-இல் முன்னறைச் சுவருக்குக் காகிதம் ஒட்டும்போது காகிதம் தீர்ந்துபோக, கணப்பை மூடும் பலகை மட்டும் மொட்டையாக நின்றது. அதில் ஒரு காட்சியை வரைந்து வைத்தார். பிற்பாடு கம்பளி நூலில் படங்கள் தைத்தார். மூட்டுவலியால் ஊசி பிடிக்க முடியாமல் போனபோது, இனி வரையலாமே என்று யோசனை சொன்னவர் அவருடைய தங்கை. வலது கை வலித்தால் இடது கைக்குத் தூரிகையை மாற்றிக்கொள்வார்.

அவர் வேலை செய்யும் விதம் பண்ணைக்காரியின் சிக்கனம். படத்தை மாட்டும் சட்டத்தை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அதன் அளவுக்குப் பலகையை அறுப்பார். பலகைக்கு வெள்ளைப் பெயிண்ட் மூன்று பூச்சு. பிறகு வானம், மலை, மரங்கள், வீடுகள், மாடுகள் என்று மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் மனிதர்கள். பனி மினுங்க வேண்டுமென்று மினுக்குத்தூள் தூவுவார். அதெல்லாம் கலையில் சேராது என்று சொன்னவர்களை அவர் சட்டை செய்யவில்லை.

பக்கத்து ஊர்ப் பெண்கள் தங்கள் கைவேலைகளை விற்க ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அதற்காக ஒரு மருந்துக்கடையின் கண்ணாடி ஜன்னலில் இவர் படங்களும் இருந்தன. 1938-இல் அந்த வழியாக வந்த லூயிஸ் கால்டோர் என்ற ஓவிய சேகரிப்பாளர் அத்தனையையும் வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கே போனார். மோசஸ் வீட்டில் இல்லை. இன்னும் பத்துப் படம் இருக்கிறது என்று மருமகள் சொல்லி அனுப்பிவிட்டார். இரவு தேடினால் ஒன்பதுதான் கிடைத்தது. பெரிய படம் ஒன்றை இரண்டாக வெட்டி, கணக்கைப் பத்தாக்கிவிட்டார் மாமியார்! சரி, படம் கைக்கு வந்தாயிற்று; நியூயார்க் நகரத்தில் அதை ஏற்றுக்கொள்ள ஆள் இல்லை. இவருடைய வயதைக் கேட்டதும் ஓவிய வணிகர்கள் பின்வாங்கினார்கள், இனி எத்தனை வருடம் வரைந்துவிடப் போகிறார் என்று. 1940-இல் தனிக் கண்காட்சி நடந்த பிறகும் இருபது வருடம் வரைந்தார். மொத்தம் 1,500-க்கும் மேற்பட்ட படங்கள். நூறு வயது முடிந்த பிறகு மட்டும் இருபத்தைந்துக்கு மேல். கடைசிக் காலத்தில் முதியோர் மருத்துவ இல்லத்தில் சேர்த்தபோது, மருத்துவரின் ஸ்டெதாஸ்கோப்பை ஒளித்துவைத்துவிட்டு, என்னை ஈகிள் பிரிட்ஜுக்குக் கூட்டிப்போனால்தான் தருவேன் என்று பேரம் பேசியிருக்கிறார்.

இப்போது உங்கள் இரண்டாவது கவலைக்கு வருகிறேன். மோசஸின் படங்களை வரிசையாகப் பார்த்தால் ஒன்று தெரியும். மேப்பிள் மரத்தின் இனிப்புச் சாற்றை இறக்கிப் பாகு காய்ச்சுவது, பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து மெத்தைவிரிப்பு தைப்பது, ஊர்ச் சந்தை என எல்லாமே பலர் கூடிச் செய்யும் காரியங்கள். படம் முழுக்க ஆட்கள், ஆளுக்கொரு வேலை. ஊரோடு சேர்ந்து உழைத்திருக்காவிட்டால் அவரிடம் வரையவே எதுவும் இருந்திருக்காது. ஊர்ப்பணிக்குப் போகும் நேரத்தை நட்டக் கணக்கில் எழுதாதீர்கள்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கறுப்பினப் பெண் கிளெமென்டைன் ஹன்டரும் அப்படித்தான். மெல்ரோஸ் என்ற தோட்டத்தில் பருத்தி எடுத்தவர், பின்னால் அங்கேயே சமையல்காரி. எழுதப் படிக்கத் தெரியாது. பகல் முழுக்க வேலை, இரவில் ஓவியம். பருத்தி எடுப்பு, துணி துவைக்கும் நாள், ஞானஸ்நானம், சாவு ஊர்வலம் என்று தன் சனங்களின் வாழ்க்கையைப் பழைய ஜன்னல் திரையிலும் புட்டியிலும் வரைந்தார். 1955-இல் ஒரு கல்லூரியில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நிறவெறிச் சட்டத்தால் வெள்ளையர்களோடு சேர்ந்து அவர் உள்ளே போக முடியவில்லை. மூடியிருந்த நேரத்தில் ஒரு நண்பர் அழைத்துப்போய்க் காட்டினார். 1988-இன் முதல் நாளில், 101 வயதில் இறந்தார்.

ஊருக்காகவே வரைந்தவர் வேண்டுமென்றால் தைவானின் ஹுவாங் யுங்-ஃபு. 1924-இல் பிறந்த முன்னாள் ராணுவ வீரர். தைச்சுங் நகரில் ராணுவக் குடும்பங்களுக்காகக் கட்டிய ஒரு குடியிருப்பில் இருந்தார். ஒரு காலத்தில் 1,200 வீடுகள் இருந்த இடம். கட்டடக்காரர்கள் வாங்கி வாங்கிப் பதினொன்றுதான் மிஞ்சியது. அதையும் இடிக்கப் போகிறார்கள் என்ற நிலையில், எண்பதைத் தாண்டிய அவர் தன் வீட்டுச் சுவரில் ஒரு பறவையை வரைந்தார். பிறகு பூனை, மனிதர்கள், விமானம், தரை, சந்து என்று எதையும் விடவில்லை. விடியுமுன்பே எழுந்து வரையப் போய்விடுவார். 2010-இல் அங்கே வந்த ஒரு கல்லூரி மாணவர் விஷயத்தைப் பரப்ப, இடிக்க வேண்டாம் என்று ஊர் மக்கள் கடிதம் எழுதினார்கள். நகர நிர்வாகம் இடிப்பதை நிறுத்தியது. ஹுவாங் 2024 ஜனவரியில் இறந்தார்.

கால்டோர் போல யாராவது வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அது அதிர்ஷ்டம். அவர் வராமல் போயிருந்தாலும் மோசஸ் வரைந்துகொண்டுதான் இருந்திருப்பார். படங்கள் அக்கம்பக்கத்து வீடுகளில் தொங்கியிருக்கும். அப்படி எத்தனையோ நல்ல ஓவியர்கள் எல்லா நாட்டிலும் இருந்திருப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. ஊரில் வரையத் தெரிந்தவர் என்று பெயர் வந்துவிட்டால் பெயர்ப்பலகை, மேடைத் திரை, பள்ளிச் சுவர் எல்லாம் உங்கள் தலையில் விழும். உழைப்பை இலவசமாகக் கொடுங்கள், பெயிண்ட் செலவை ஊர் ஏற்கட்டும். இதை முதல் வேலையிலேயே பேசிவிடுவது நல்லது, பிறகு கேட்டால் மனஸ்தாபம்தான் மிஞ்சும். புதிதாகப் பூசிய சிமென்ட் சுவரைக் கொடுத்தால் உடனே ஆரம்பிக்காதீர்கள். ஒரு மாதமாவது காய வேண்டும்; இல்லையென்றால் உப்புப் பூத்து வண்ணம் உரிந்து வரும். கசிவு இருக்கிற சுவரென்றால் அதைச் சரிசெய்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் உங்கள் சொந்தப் படத்தை வரையுங்கள்.