வட்டாரக் காலநிலை ஆய்வும் ஊர்மக்களின் தாங்குதிறனும்: காலநிலை ஆய்வாளர் ஒருவருடன் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. ஐக்கிய நாடுகளின் காலநிலை மாற்ற அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகள் உலகம் முழுமைக்கும் வெளிவந்துகொண்டிருக்கும்போது, வட்டார அளவில் தனியாக ஓர் ஆய்வு எதற்கு?

வணக்கம். காலநிலையைக் கணினியில் கணக்கிடும் உலகளாவிய மாதிரிகளில் பெரும்பாலானவை பூமியைச் சுமார் 100 கிலோமீட்டர் பக்கமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடுகின்றன. மழை கொட்டும் மலைச்சரிவும், அதற்கு மறுபுறத்து மழைமறைவு நிலமும், அருகிலுள்ள கடற்கரையும் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிட்டால், மூன்றுக்கும் ஒரே சராசரிதான் கிடைக்கும். இந்தக் குறையைப் போக்கவே உலகக் காலநிலை ஆராய்ச்சித் திட்டம் 2009இல் கார்டெக்ஸ் என்னும் கூட்டு முயற்சியைத் தொடங்கியது. அது உலகை வட்டாரங்களாகப் பிரித்து, 50 கிலோமீட்டரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர் வரையிலான சிறிய கட்டங்களில் கணிக்கிறது. தெற்காசியாவுக்கான பணியில் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் முன்னிற்கிறது. ஆயினும், படம் நுணுக்கமாக இருப்பதாலேயே அது துல்லியமானதாக ஆகிவிடாது. உலக மாதிரியில் பருவக்காற்றே பிழையாக இருந்தால், அந்தப் பிழையும் சேர்ந்தே நுணுக்கமாக வரும். வண்ணப்படத்தைக் கண்டு மயங்கி அணையின் உயரத்தை முடிவுசெய்தவர்களைப் பார்த்திருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கேள்வி: எங்கள் பகுதிக்கு "இயல்பைவிட அதிக மழைக்கு 45 விழுக்காடு வாய்ப்பு" என்றார்கள். நம்பி விதைத்தோம், மழை பொய்த்துவிட்டது. முன்னறிவிப்பு தவறுதானே?

உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் தவறு பெரும்பாலும் கணிப்பில் இல்லை, அதை உங்களிடம் சேர்த்த விதத்தில் இருக்கிறது. கடந்த 30 ஆண்டு மழையளவுகளைக் குறைவிலிருந்து கூடுதலாக வரிசைப்படுத்தி, பத்துப் பத்து ஆண்டுகளாகக் குறைவு, இயல்பு, அதிகம் என மூன்று பங்கிட்டால், எந்தத் தகவலும் இல்லாத நிலையில் ஒவ்வொரு பங்குக்கும் 33 விழுக்காடு வாய்ப்பு உண்டு. 45 என்பது தராசு சற்றே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. அத்தகைய பத்துப் பருவங்களில் ஐந்தாறு வேறுவிதமாகத்தான் முடியும். ஆகவே இதை வைத்து முழு நிலத்தையும் ஒரே பயிரில் போடுவது சூதாட்டம். பயிரைப் பிரித்துப் போடுவதற்கும், குறுகிய வயதுள்ள விதையைக் கையிருப்பில் வைப்பதற்கும் அது உதவும்.

முன்னறிவிப்பை ஊர்மக்களுக்கு விளக்கும் கூட்டம் ஒன்றில், பதினேழு ஆண்டுகளாகத் தம் வீட்டு மழைமானியின் அளவைப் பள்ளிக்கூடக் குறிப்பேட்டில் எழுதிவந்த ஓர் அம்மையார் எழுந்து, "பருவம் முழுவதும் எவ்வளவு பெய்யும் என்பது எனக்கு வேண்டாம், விதைத்த பிறகு பத்து நாள் தொடர்ந்து காயுமா என்று மட்டும் சொல்லுங்கள்" என்றார். மழையின் மொத்த அளவையே ஆண்டுக்கணக்கில் திருத்திக்கொண்டிருந்த எங்கள் குழு, அதன்பிறகுதான் மழை இடைவெளியைக் கணிக்கத் தொடங்கியது. அவருடைய குறிப்பேடே அந்தப் பகுதிக்கான முதல் சரிபார்ப்புத் தரவாகவும் அமைந்தது. ஊர்மக்களும் ஆய்வாளர்களும் சேர்ந்து செய்யும் கூட்டாய்வு என்று நான் சொல்வது இதைத்தான்: கேள்வி ஊரிலிருந்து எழ வேண்டும்.

கேள்வி: கூட்டாண்மையால் உயிர்கள் காப்பாற்றப்பட்டதற்குச் சான்று உண்டா?

உண்டு. 1970ஆம் ஆண்டின் போலா புயலில் இன்றைய வங்கதேசத்தில் குறைந்தது 3 லட்சம் பேர் மாண்டார்கள். அதன்பின் அரசும், செஞ்சிலுவை இயக்கத்தைச் சேர்ந்த செம்பிறைச் சங்கமும் இணைந்து புயல் ஆயத்தத் திட்டத்தை உருவாக்கின. 2007இல் சித்ர் புயல் தாக்கியபோது இறப்பு ஏறத்தாழ 3,400 என்ற அளவில் நின்றது. அதுவும் பேரிழப்புதான். ஆனால் இரண்டு எண்களுக்கும் இடையில் நிற்பவை செயற்கைக்கோள்கள் மட்டும் அல்ல. மேட்டுப் புகலிடங்களும், கையில் ஒலிபெருக்கியுடன் வீடுவீடாகச் சென்ற, அந்தந்த ஊர்க்காரர்களான தன்னார்வலர்களும்தான். அயலார் சொன்னால் ஆடுமாடுகளை விட்டுவிட்டு வெளியேறத் தயங்குபவர், தெரிந்தவர் கூப்பிட்டால் எழுந்து வருவார்.

வெப்பத்துக்கும் இதே அனுபவம் உண்டு. 2010 மே மாத வெப்ப அலையின்போது அகமதாபாத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாகப் பின்னர் ஆய்வில் தெரியவந்தது. மாநகராட்சியும், பொதுச் சுகாதார நிறுவனமும், வெளிநாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து 2013இல் வெப்பச் செயல்திட்டத்தை அங்கே கொண்டுவந்தார்கள். எத்தனை டிகிரியில் எச்சரிக்க வேண்டும் என்பதை அந்நகரின் இறப்புப் பதிவேட்டைக் கொண்டே அவர்கள் வகுத்தார்கள் என்பதே அதன் சிறப்பு.

கேள்வி: முன்னோர் அறிந்த அறிகுறிகளுக்கு இதில் இடம் உண்டா?

இடம் உண்டு. ஆனால் அவற்றையும் பதிவுசெய்து சோதிக்க வேண்டும். பருவங்களே இடம்பெயர்ந்துவரும் காலத்தில், நேற்றுவரை பலித்த குறி இன்று பிழைக்கக்கூடும் என்பதை மூத்தவர்களே முதலில் கவனித்துச் சொல்கிறார்கள்.

கேள்வி: நிவாரணம் எப்போதும் வெள்ளம் வடிந்த பிறகே வருகிறது. இதை மாற்ற இயலுமா?

மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். 2020 ஜூலையில் வங்கதேசத்தில் ஆற்றுவெள்ள முன்னறிவிப்பு முன்கூட்டியே வகுத்திருந்த வரம்பைத் தாண்டியதும், ஐக்கிய நாடுகளின் அவசர நிதியிலிருந்து சுமார் 52 லட்சம் டாலர் வெள்ளம் உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே விடுவிக்கப்பட்டது. வரம்பு எது, பணம் யாருக்கு, எந்த வழியில் என்பவற்றையெல்லாம் வறண்ட மாதங்களிலேயே பேசி எழுதிவைத்திருந்ததால்தான் அது கைகூடியது.

கேள்வி: எங்கள் ஊருக்கு மூன்று முறை ஆய்வுக்குழுக்கள் வந்து கேள்வித்தாள் நிரப்பிச் சென்றன. ஒருவரும் திரும்பி வரவில்லை. நான்காவது குழு வருகிறது, என்ன செய்வது?

ஆய்வுத் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் இதற்காக வெட்கப்படுகிறேன். அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆனால் கையொப்பமிடும் முன் சிலவற்றைக் கேளுங்கள். திட்டத்தின் கேள்வியை வகுப்பதில் எங்களுக்குப் பங்கு உண்டா? எங்கள் ஊரில் வைக்கும் மழைமானியும் நீர்மட்ட அளவியும் பழுதானால் திட்டம் முடிந்த பிறகு யார் சரிசெய்வார்கள்? தரவின் ஒரு படி எங்கள் மொழியில் ஊராட்சி அலுவலகத்தில் இருக்குமா? எங்கள் இளைஞர் இருவருக்கு அளவெடுக்கவும் படிக்கவும் பயிற்சி தருவீர்களா? முடிவுகளைச் சொல்ல எந்த மாதம் திரும்பி வருவீர்கள்? விடைகளை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் குழுவிடம் கேள்வித்தாளை நிரப்பாமலேயே திருப்பிக் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.