சக்கர நாற்காலிக்கு மோட்டார் செய்யும் சிறு குழு: அரசு மானியத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது?

கேள்வி இது: பெங்களூரு பீன்யாவில் மூன்று பேர் சேர்ந்து, சாதாரண மடக்கு சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டி ஓட்டும் மோட்டார் சக்கரம் ஒன்று செய்கிறார்கள். ஒரு மாதிரி ஓடுகிறது. அரசின் ஆராய்ச்சி மானியம் கிடைக்குமா? அதற்கு முதலில் கம்பெனி பதிவு செய்ய வேண்டுமா?

கிடைக்கும். ஆனால் கம்பெனியை அவசரப்பட்டுப் பதிவு செய்யாதீர்கள். ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தின் விதிப்படி, விண்ணப்பிக்கும் நாளில் கம்பெனி பதிவாகி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. இந்த மாதிரிக் கருவி பயனர் கைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் ஒன்றரை வருடம் ஓடிவிடும். இன்றே பதிவு செய்தால், மானியம் உண்மையில் தேவைப்படும் நேரத்தில் தகுதிக் காலம் கிட்டத்தட்ட முடிந்திருக்கும். பதிவு செய்யும்போது பிரைவேட் லிமிடெட், எல்எல்பி (வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மை), பதிவு பெற்ற கூட்டு நிறுவனம் இவற்றில் ஒன்றாக இருக்கட்டும். ஒருவர் பெயரில் ஓடும் ஒர்க்‌ஷாப்புக்கு, விதை நிதிக்குத் தேவையான ஸ்டார்ட்அப் அங்கீகாரம் கிடையாது.

தனிநபராகவே கேட்கக்கூடியவை இரண்டு. ஒன்று, மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் நிதி பிரயாஸ். மாதிரி செய்ய 10 லட்சம் வரை, இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்துவிடும் மையம்) வழியாக வரும். மற்றொன்று மத்திய பயோடெக்னாலஜி துறையின் பைராக் நிறுவனம் தரும் ‘பிக்’ (பயோடெக்னாலஜி இக்னிஷன் கிராண்ட்) மானியம், 50 லட்சம் வரை, 18 மாதத்துக்கு. பெயரில் பயோடெக்னாலஜி இருந்தாலும் மருத்துவக் கருவிகளையும் எடுத்துக்கொள்கிறார்கள். வழக்கமாக ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாட்களில் அழைப்பு வரும். பெங்களூரில் ஜி.கே.வி.கே. வளாகத்தில் உள்ள சி-கேம்ப் இதன் பங்காளி நிறுவனம். தனிநபராக விண்ணப்பித்தால் ஏதாவது ஒரு இன்குபேட்டரில் சேர்ந்திருக்க வேண்டும். கர்நாடக அரசின் எலிவேட் திட்டமும் 50 லட்சம் வரை தருகிறது. அதற்குக் கம்பெனி கர்நாடகத்தில் பதிவாகியிருக்க வேண்டும்.

எதை முதலில் வாங்குகிறோம் என்பதுதான் இங்கே முக்கியம். வேறு அரசுத் திட்டத்தில் 10 லட்சத்துக்கு மேல் பணம் பெற்றவர்களுக்கு விதை நிதி இல்லை. பிரயாஸில் 10 லட்சம் வாங்கிவிட்டு, விதை நிதியில் 20 லட்சம் மானியம் கேட்கலாம். பிக் வாங்கியபின் அந்தக் கதவு மூடிவிடும். உங்கள் கருவிக்கு வலிமைச் சோதனை, பயனர் சோதனை இரண்டும் வேண்டும் என்பதால் நான் பிக் பக்கம்தான் சாய்வேன்.

இனி விண்ணப்பம். 2011 கணக்கெடுப்பில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் என்று முதல் பக்கத்திலேயே எழுதுவார்கள். எல்லா விண்ணப்பத்திலும் அது இருக்கும், மதிப்பெண் வராது. இது ஆராய்ச்சிப் பணம். இன்னும் விடை தெரியாத கேள்வி எது, அதை எப்படிச் சோதித்து முடிவு சொல்வீர்கள் என்றுதான் நடுவர்கள் தேடுவார்கள்.

உங்கள் கருவியில் அந்தக் கேள்வி கண்முன்னே இருக்கிறது. உட்கார்ந்திருப்பவரின் எடையில் பெரும்பகுதி பின்சக்கரங்களின் மேல் விழுகிறது. மோட்டார் இருப்பதோ முன்சக்கரத்தில். சாய்தளத்தில் ஏறும்போது எடை இன்னும் பின்னால் போகும், முன்சக்கரம் பிடிமானம் இல்லாமல் சுழலும். மோட்டாரின் வாட்டைக் கூட்டினால் சுழற்சிதான் கூடும். பேட்டரியை முன்சக்கரத்துக்கு மேலேயே வைத்தால் ஓரளவு சரியாகும். இதை விண்ணப்பத்தில் நேராக எழுதுங்கள்: 1:12 சாய்தளம் (12 அடிக்கு ஒரு அடி ஏற்றம்), உலர்ந்த தரை, நனைந்த தரை, 50 கிலோ, 90 கிலோ, ஒவ்வொன்றுக்கும் 20 முறை ஏற்றம், எத்தனை முறை வழுக்கியது. இவ்வளவு தெளிவாக எழுதியவரைத் தள்ளிவிடுவது கடினம்.

மோட்டார் சக்கரத்தை நாற்காலிக் குழாயில் பிடித்து இறுக்கும் கிளாம்ப்பும் அப்படிச் சோதிக்க வேண்டிய கேள்விதான். மடக்கு நாற்காலியின் குழாய் ஒன்றில் முக்கால் அங்குலத்தை ஒட்டி இருக்கும், இன்னொன்றில் ஒரு அங்குலம். ஒரே அளவில் கிளாம்ப் செய்தால் பாதி நாற்காலியில் ஏறாது, இறுக்கினால் மெல்லிய குழாய் நசுங்கும்.

பட்ஜெட்டில் பலரும் மறப்பது சோதனைச் செலவு. சக்கர நாற்காலியின் வலிமைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 7176-8 சோதனையில் நாற்காலியை இரட்டை உருளைமேல் 2,00,000 சுற்று ஓட்டி, பிறகு 50 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 6,666 முறை கீழே விடுவார்கள். வெல்டிங் ஓரத்தில் விரிசல் விட வாய்ப்பு அதிகம். சோதனைக்குப் போன மாதிரி திரும்ப உதவாது. மாற்றியமைத்து மறுபடி அனுப்பக் கூடுதல் மாதிரியும் பணமும் வைத்துக்கொள்ளுங்கள்.

பயனர் சோதனைக்கு, மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். முதல் மாதத்திலேயே விண்ணப்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் முழு அட்டவணையும் தள்ளிப்போகும். மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்யும் ஏ.பி.டி., ஜே.பி. நகர் மொபிலிட்டி இந்தியா போன்ற பெங்களூரு அமைப்புகளிடம் விண்ணப்பத்துக்கு முன்பே பேசிக் கடிதம் வாங்குங்கள். சோதனைக்கு வருபவர் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் கன்னடத்திலும் தமிழிலும் இருக்கட்டும். வருபவருக்கும் துணைக்கு வருபவருக்கும் வண்டிச் செலவு, அன்றைய கூலி இரண்டையும் பட்ஜெட்டில் தனி வரியாகப் போடுங்கள். அவர்கள் தரும் நேரத்துக்கும் உழைப்புக்கும் இலவசம் என்று பெயர் வைப்பது நியாயமில்லை. வடிவமைக்கும் கட்டத்திலேயே நாற்காலியில் வாழும் ஒருவரைச் சம்பளத்துக்குக் குழுவில் சேர்த்தால் இன்னும் நல்லது. 65 சென்டிமீட்டர் நாற்காலி 75 சென்டிமீட்டர் குளியலறைக் கதவில் நுழையும்போது கை முட்டி எங்கே இடிக்கும் என்று அவர் முதல் நாளே சொல்வார்.

பணம் தவணையாக வரும். ஒரு தவணையின் வேலையும் கணக்கும் முடிந்தால்தான் அடுத்தது. மானியத்துக்குத் தனி வங்கிக் கணக்கு வையுங்கள், வட்டியையும் கணக்கில் காட்ட வேண்டும். பணத்தை எதற்குச் செலவழித்தோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று, மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் போகும். பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக் கடையில் மோட்டார் கன்ட்ரோலர் வாங்கினால் துண்டுச் சீட்டு செல்லாது, ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள். மானியம் ஒப்புதலான தேதிக்கு முன் வாங்கியதைச் சேர்க்க முடியாது. கருவிக்கு ஒதுக்கியதைச் சம்பளத்துக்கு மாற்ற முன் அனுமதி வேண்டும். மானியம் வருமான வரியில் வருமானமாகவும் சேரலாம், ஆடிட்டரிடம் தொடக்கத்திலேயே பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. எந்தக் கண்காட்சியிலும் ஓட்டிக் காட்டுவதற்கு முன் தற்காலிகப் பேட்டன்ட் விண்ணப்பம் போட்டுவிடுங்கள். தனிநபருக்கு ஆன்லைனில் கட்டணம் 1,600 ரூபாய்தான். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும்.