2 ஆண்டு அனுபவம் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

வணிகவியல் படித்து முடித்து 11 மாதம் ஆகிறது. புதியவர்களுக்கான வேலை என்று போட்டிருக்கிறார்கள், கீழே பார்த்தால் 2 ஆண்டு அனுபவம் கேட்கிறார்கள். என்னிடம்தான் ஏதோ குறையோ என்று தோன்ற ஆரம்பித்துவிட்டது. இப்போது ஒரு சிறிய நிறுவனத்தில் பில் பதிவு செய்யும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் குறைவு. போனால் அதிலேயே சிக்கிக்கொள்வேனோ என்று பயமாக இருக்கிறது. போகலாமா?

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள தம்பிக்கு,

உங்களிடம் ஒரு குறையும் இல்லை. பொருளாதார மந்தம் வந்தால் நிறுவனங்கள் முதலில் செய்வது புது ஆள் எடுப்பதை நிறுத்துவதுதான். இருப்பவர்களை அனுப்புவதைவிட அது சுலபம். அந்த அடி அந்த ஆண்டு படித்து முடித்தவர்கள் தலையில் விழுகிறது. வேலையிழந்த அனுபவக்காரர்களும் உங்கள் வரிசைக்கே வந்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் 2008 நெருக்கடிக் கால வேலை விளம்பரங்களை ஆராய்ந்தவர்கள் இதைத்தான் கண்டார்கள்: வேலை தேடுவோர் பெருகியபோது அதே வேலைக்குக் கேட்ட படிப்பும் அனுபவமும் ஏறின, நிலைமை தேறியதும் ஓரளவு இறங்கின.

நானே ஒருமுறை ஆளெடுக்கும் குழுவில் இருந்தேன். ஓர் இடத்துக்கு 400க்கும் மேல் விண்ணப்பங்கள். பார்க்க இரண்டே பேர், கையில் ஒரு மதியம். எக்செல்லில் ‘அனுபவம்’ என்ற பத்தியில் ஃபில்டர் போட்டோம். 30 பேர் மிஞ்சினார்கள். மற்றவர்களின் விண்ணப்பங்களை நாங்கள் திறக்கவேயில்லை. எத்தனை நல்ல பிள்ளைகள் அதில் போனார்களோ, இன்றும் மனதை உறுத்துகிறது.

அதனால்தான் போங்கள் என்கிறேன். அந்தப் பத்தி காலியாக இருக்கக் கூடாது.

சிக்கிக்கொள்ளும் பயம் நியாயமானதுதான். கனடாவில் 1976 முதல் 1995 வரை பட்டம் பெற்ற ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று உண்டு. மந்தத்தில் வேலைக்கு வந்தவர்களின் வருமானம் தொடக்கத்தில் சுமார் 9 சதவீதம் குறைவாக இருந்தது. 5 ஆண்டுகளில் அந்த இழப்பு பாதியானது, 10 ஆண்டுகளில் மறைந்தது. அமெரிக்காவில் இதைவிட நீண்ட காலம் வலித்ததாகவும் ஆய்வு இருக்கிறது. ஆனால் கனடாவில் மீண்டவர்கள் எப்படி மீண்டார்கள் என்று பாருங்கள்: முதல் இடத்திலேயே இருந்துவிடாமல், மேலும் நல்ல நிறுவனங்களுக்கு மாறினார்கள்.

சரி, சேருமுன் ஒன்று கேளுங்கள். பில் தட்டுவது மட்டும்தானா, வங்கிக் கணக்கை ஒப்பிட்டுச் சரிபார்ப்பது, மாதக் கணக்கை முடிப்பது இதெல்லாம் கற்றுத் தருவார்களா? தருவார்கள் என்றால் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். சேர்வதற்குப் பணம் கட்டச் சொன்னால் மட்டும் அந்தப் பக்கமே போக வேண்டாம். அப்புறம், வேலையில் சேர்ந்த பிறகும் வாரத்துக்கு இரண்டு விண்ணப்பமாவது போட்டுக்கொண்டே இருங்கள். 2 ஆண்டு கேட்கும் இடங்களுக்கும் போடுங்கள்.

முதல் மாதம் முடிந்ததும் என்ன வேலை கொடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.